மிச்சம் 28 நிமிடம்

“தம்பி, ஒண்டு கேக்கட்டே? உங்கட வீடியோ 12 நிமிசம். பாடவேளை 40 நிமிசம். மிச்சம் 28 நிமிசமும் நான் என்ன செய்யிறது?”

ஆசிரியர்களுக்கான செயலமர்வின் முதல் நாள், பின்னேரம் மூன்று மணி. தேத்தண்ணியும் பற்றிஸும் முடிந்து, எல்லோரும் மனதளவில் வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்ட நேரம். கேட்டவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 20 வருடத்துக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர். “அதை நாளைக்குப் பாப்பம் ரீச்சர்” என்று சிரித்துச் சமாளித்தேன். நாளைக்கென்று என்னிடம் இருந்தவற்றில் அந்தக் கேள்விக்கு ஒரு ஸ்லைட்கூட இல்லை.

அது 2021 இன் கடைசி. நானும் ஒன்பது வருடம் வகுப்பறையில் வெண்கட்டி பிடித்தவன்தான். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் சேர்த்த காசில் ஒரு திட்டம் தொடங்கியபோது அதற்குள் போனேன். தரம் 10, 11 க்கான இணையவழிப் பாடங்கள் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டு மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றை வகுப்பில் பாவிக்கப்போகும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வடிவமைப்பது என் வேலை. பாடம் தயார், ஆசிரியரைத் தயார்ப்படுத்து என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அந்த வசனத்தில் உள்ள கோளாறு அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் செயலமர்வு இரண்டு நாள். எப்படி உள்நுழைவது, எங்கே அழுத்தினால் வினாத்தாள் வரும், புள்ளிகளை எப்படித் தரவிறக்குவது என்று இரண்டு நாளும் பொத்தான்களைப் பற்றித்தான் பேசினேன். முதல் நாள் காலையில் பாதி பாஸ்வேட்டிலேயே போய்விட்டது. சிலருடைய மின்னஞ்சலை மகனோ மகளோ கனடாவில் இருந்து திறந்து கொடுத்திருந்தார்கள். அதன் கடவுச்சொல் கனடாவில்தான் இருந்தது, அங்கே நடுச்சாமம். பிறகு பாமினி வந்தது. எங்கள் ஆசிரியர்கள் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வினாத்தாள்கள் எல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில். அதைப் பிரதிபண்ணி மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும், குற்று வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் திரையில் கொட்டும். ‘பாடம்’ என்று எழுதியது என்னவோ இரகசியக் குறி மாதிரி நின்றது. ஒருவர் தன் 15 வருடச் சேகரிப்பே பழுதாகிவிட்டது என்று பதறிப்போனார். யுனிகோட்டுக்கு மாற்றும் வழியைக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்தப் பதற்றம் அடங்கத்தான் ஒரு மணித்தியாலம் எடுத்தது.

கடைசியில் கருத்துப் படிவம் கொடுத்தோம். ‘மிகவும் பயனுள்ளது’, ‘வளவாளர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்’, ‘சிற்றுண்டி நன்று’. அறிக்கையில் சேர்க்க இவை போதும், எனக்கும் சந்தோசம். பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் 1959 இல் எழுதிய நான்கு படிகள் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் பாடம்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, அதனால் பலன் கிடைத்ததா. முதல் படியில் நாங்கள் விசேட சித்தி. மூன்று கிழமை கழித்து மூடிலின் பதிவைத் திறந்து பார்த்தேன். வந்த 32 பேரில் ஆறு பேர்தான் திரும்ப உள்நுழைந்திருந்தார்கள். அதிலும் இரண்டு, நான் பரிசோதனைக்குத் திறந்த கணக்குகள்.

சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்து, பாடத்தை ஆங்கில E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளாக, ஐந்து ‘ஈ’க்களாகப் பிரித்து நடத்தச் சொன்ன காலத்தில் இருந்து இவர்கள் எத்தனை செயலமர்வுகளைக் கண்டிருப்பார்கள். ஓய்வுக்குக் கிட்டே நின்ற ஒரு சேர் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: “அஞ்சு ஈயும் வந்து பறந்து போட்டுது. இப்ப ஈ-லேர்னிங் எண்டு ஆறாவது ஈ வந்திருக்கு. இருக்கட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். என் வேலையைப் பற்றி அதைவிடச் சரியான மதிப்பீடு எந்தப் படிவத்திலும் வரவில்லை.

அதோடு, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபின் ‘ஒன்லைன்’ என்றால் அவர்களுக்கு வேறு ஒரு பொருள். குறிப்பைக் கொப்பியில் எழுதி, போனில் படம் எடுத்து, வட்ஸ்அப் குழுவில் போடுவது. பிள்ளை அதைப் பார்த்து எழுதி, படம் எடுத்துத் திருப்பி அனுப்பும். இரவு பதினொரு மணிக்கும் போன் கிணுங்கும். அந்தக் களைப்பு தீராதவர்களிடம்தான் நான் பொத்தான்களோடு போய் நின்றேன்.

ஆசிரிய ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து பாடசாலைகளுக்குப் போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்தோம். முதலில் போனது, அந்த 28 நிமிடக் கேள்வி கேட்ட ரீச்சரின் வகுப்புக்கு. ஜன்னல்களைச் சாத்தி, புரொஜெக்டரைப் போட்டு, பிள்ளைகளை அமர்த்திவிட்டு அவர் பின்சுவரோடு போய் நின்றுகொண்டார். கலியாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. திரையில் ஒரு குரல் நேர்கோட்டு இயக்கம் படிப்பித்தது. அந்தக் குரலைவிட இவருக்குப் பாடம் நன்றாகத் தெரியும். அது அவருக்கும் எனக்கும் வகுப்புக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் கொடுத்த பயிற்சியில், வீடியோ ஓடும்போது ஆசிரியருக்கு ஒரு வேலையும் எழுதியிருக்கவில்லை.

ஏழாவது நிமிடத்தில் அது நடந்தது. திரையில் குரல் சொன்னது: “வேகம் என்பது ஓர் ஸ்கேலார் அளவு. திசையையும் சேர்த்தால் அது திசைவேகம்.”

முன்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் திரும்பி ரீச்சரைப் பார்த்தான். பிறகு இன்னொரு பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்கள் பாடநூலில் ‘கதி’ என்பதுதான் திசை இல்லாத அளவு. திசையோடு சேர்ந்தது ‘வேகம்’. தமிழ்நாட்டில் எங்கள் கதியை வேகம் என்பார்கள், எங்கள் வேகத்தைத் திசைவேகம் என்பார்கள். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்றவற்றில் இந்த வேறுபாடு பெரிய சேதம் செய்யாது. ஆக்சிஜன் என்று கேட்டால் பிள்ளை ஊகித்துவிடும். ஆனால் வேகம் என்பது இரண்டு கரையிலும் புழங்கும் சொல், இரண்டு கரையிலும் வேறு பொருள். சாதாரண தரப் பரீட்சையில் மாறி எழுதினால் புள்ளி போய்விடும். பாடத்துக்குக் குரல் கொடுத்த வேலை சென்னையில் நடந்திருக்கவேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கும் குரல் கொடுத்தவர்களுக்கும் ‘தமிழ்’ என்பது ஒரே பெட்டி.

ரீச்சர் சுவரை விட்டு வந்தார். வீடியோவை நிறுத்தினார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கரும்பலகையில் இரண்டு நிரல் போட்டு, ‘அவர்கள்’, ‘நாங்கள்’ என்று தலைப்பிட்டு, சொற்களை எதிரெதிரே எழுதினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

“நல்லூர்த் தேர் வெளிவீதி சுத்தி வந்து திரும்ப இருப்பிடத்தில நிக்குது. இடப்பெயர்ச்சி எவ்வளவு?”

“பூச்சியம் ரீச்சர்.”

“அப்ப சராசரி வேகம்?”

கொஞ்சம் தயங்கி, “பூச்சியம்.”

“அப்ப தேர் ஓடவே இல்லையோ?”

வகுப்பு ஒரே சத்தம். ஓடினதுதானே, நாங்கள் வடம் பிடிச்சனாங்கள் என்று ஒருத்தன் எழும்பி நின்றான். அப்படியென்றால் எது பூச்சியமில்லை என்று அவர் கேட்க, கதி, கதி என்று நாலைந்து குரல். மணி அடிக்கும்வரை வீடியோ திரும்ப ஓடவில்லை. நான் கொப்பியில் நேரத்தைக் குறித்திருந்தேன். வீடியோவை நிறுத்தியது முதல் மணி வரை 26 நிமிடம். கதவடியில் வந்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, உங்கட பாடத்தைக் குழப்பிப் போட்டன்” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்று அந்த அறையில் நடந்த ஒரே பாடம் அதுதான். அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கும்படி செய்தது என் பயிற்சி.

திரும்பும் வழியில் பழைய திட்டத்தைக் கிழித்துப் போட்டோம் என்று எழுத ஆசை. உண்மையில் அதைக் கிழிக்க மூன்று மாதம் எடுத்தது. கடிதம், அனுமதி, திருத்திய செலவு மதிப்பீடு.

புதிய பயிற்சியில் பொத்தான்களுக்கு ஒரு பக்கக் கைநூல், அவ்வளவுதான். முதல் அமர்வில் ஆசிரியர்கள் மாணவர்களாக இருந்து, தங்களுடையதல்லாத ஒரு பாடத்தைப் படிக்கவேண்டும். வரலாறு ரீச்சருக்கு விஞ்ஞானம், கணித சேருக்கு இலக்கியம். கடைசியில் வினாக்கள். கணித சேர் ஒருவருக்குப் பத்துக்கு நாலு. அவர் முதலில் சொன்னது, “இந்தப் புள்ளி ஆருக்கும் தெரியுமோ?” என்பதுதான். அந்த ஒரு வசனத்தை வைத்து அரை மணித்தியாலம் பேசினோம். பிள்ளைக்கும் அதே பயம். அவருக்கோ அதற்கு மேல் இன்னொன்று: தெரியாததொன்றில் மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் குப்பி விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட தலைமுறை இது. இணையம் அறுந்தால் அவர்கள் அசரமாட்டார்கள். ஆனால் தங்களைவிடப் பத்து வயது குறைந்த ஒருவன் ‘இதைக்கூடத் தெரியாதா’ என்று பார்க்கும் பார்வை அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். நான் அப்படித்தான் பார்த்திருப்பேன் போல.

அடுத்த அமர்வுகளுக்கு ‘எங்கே நிறுத்துவது’ என்று பெயர் வைத்தோம். தாங்கள் வருகிற கிழமை எடுக்கப்போகும் பாடத்தோடு வரவேண்டும். இருவர் இருவராக வீடியோவைப் பார்த்து, எந்த நிமிடத்தில் நிறுத்துவது, ஏன், நிறுத்தி என்ன கேட்பது, பிள்ளை என்ன பிழையாகச் சொல்லும் என்று எழுதவேண்டும். கடைசிக் கேள்வியில்தான் அனுபவம் வெளிவரும். எந்தப் பிழை வரும் என்று 20 வருடம் படிப்பித்தவருக்குத் தெரியும். வீடியோவுக்குத் தெரியாது. மூடிலின் வினா அறிக்கையையும் அதன்பிறகுதான் காட்டினோம். நீங்கள் ஊகித்த பிழையைத்தான் வகுப்பில் அரைவாசிப்பேர் விட்டிருக்கிறார்கள், பாருங்கள் என்று. புள்ளி தரவிறக்கும் பொத்தானை முதல் முறை ஒருத்தரும் அழுத்தவில்லை. இம்முறை அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

இரண்டு நாள் செயலமர்வுக்குப் பதில், இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரண்டு மணித்தியாலம். சனிக்கிழமை வைக்கமுடியாது. சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஆசிரியரும் பிள்ளையும் ரியூட்டறி எனும் தனியார் வகுப்பில். இதை ஒரு திட்ட ஆவணத்திலும் எழுத விடமாட்டார்கள்.

பிறகு 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசையில் நின்றபடி போனில் அமர்வுக்கு வந்தவர்களும் உண்டு. பாடங்களை ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினியில் ஏற்றி, பற்றரியில் ஓடவிட்டோம். இணையம் தேவையில்லை, அதுவே வைஃபை பரப்பும், வகுப்பில் உள்ள போன்கள் அதில் இணையும். நெடுந்தீவுக்கு அதைக் கொண்டு போனது நினைவிருக்கிறது. குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், நடுக்கடலில் சிக்னலும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துப் பொலித்தீனால் மூடிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா “பலகாரமோ தம்பி?” என்றார். ஓமென்று சொல்லிவிட்டேன், விளங்கப்படுத்தக் கடல் அனுமதிக்கவில்லை.

எல்லாம் சரிவந்தது என்று இல்லை. கலந்துரையாடல் பகுதியில் பிள்ளைகள் எழுதச் செய்ய இன்றுவரை எங்களால் முடியவில்லை. ‘நன்றி சேர்’ என்று முப்பது பதிவு வரும். பரீட்சைக்கு வராததை ஏன் எழுதவேண்டும் என்று கேட்டால் என்னிடமும் நேர்மையான பதில் இல்லை. தரம் 11 இன் கடைசித் தவணையில் கடந்தகால வினாத்தாளைத் தவிர வேறெதுவும் வகுப்புக்குள் நுழையாது. அதை எதிர்த்துப் போராடுவதைக் கைவிட்டு, தரம் 10 இலேயே கவனத்தை வைத்தோம். ஆறாவது ஈ சொன்ன சேர் கடைசிவரை பெட்டியைத் தொடவில்லை. ஆனால் எல்லா அமர்வுக்கும் வந்தார், நல்ல கேள்விகள் கேட்டார்.

இதற்கிடையில் புதிய பாடக்குறிப்புத் தாள் ஒன்றை அச்சடித்திருந்தோம். மேலே ஒரு கட்டம், ‘வீடியோ 12 நிமிடம்’. கீழே பெரிய கட்டம், ‘ஆசிரியர் 28 நிமிடம்’. 300 பிரதி. ரீச்சரின் கேள்விக்கு ஒருவழியாக விடை கொடுத்துவிட்டோம் என்ற பெருமை எனக்கு. முதல் கட்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து நிரப்பிய தாள்களைத் திருப்பித் தந்தார். எல்லாவற்றிலும் 12 ஐச் சிவப்புப் பேனாவால் வெட்டி 4 என்று எழுதியிருந்தது.

“நாலு நிமிசம் காணும் தம்பி. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அடுத்த முறை அச்சடித்தபோது இரண்டு கட்டத்திலும் நிமிடத்தை எழுதாமல் விட்டோம்.