பதினாறு என்ற எண்

கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) பிரிவில் மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு வாரத்தில் மூன்று நாள் காலைப்பொழுது கணினித் திரையின் முன்தான் கழிகிறது. சிற்றூர்களில் உள்ள பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் நோயாளியின் கண் அழுத்தத்தை அளந்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்து, பார்வை நரம்பைப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் அவற்றைப் பார்த்து, நோயாளியிடம் ஓரிரு வார்த்தை பேசி, சொட்டு மருந்தைத் தொடரலாமா, மாற்ற வேண்டுமா என்று சொல்வேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004-ஆம் ஆண்டுவாக்கில், கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துத் தந்த நெடுந்தூர வைஃபை இணைப்பைக் கொண்டு தேனி வட்டாரத்தில் இத்தகைய மையங்களை நடத்திக் காட்டியது. இன்று இது புதுமையே அல்ல.

கண்புரை என்றால் ஒருமுறை அறுவை செய்து அனுப்பிவிடலாம். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்வை நரம்பை அழிக்கும் இந்த நோய் அப்படியன்று. போன நரம்பு திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு போட வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். வலி இல்லாததால் நோயாளிக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வுகளில் இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறியாமலே இருந்தார்கள். தெரிந்தவரும் ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்து, 'அப்படியே தொடருங்கள்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்புவதென்றால் எத்தனை முறை வருவார்?

அழுத்தம் அளப்பது மையத்தில், மருந்து முடிவு என்னிடம், கண்ணின் பார்வைப் பரப்பில் எங்கே மறைந்திருக்கிறது என்று பார்க்கும் பீல்டு டெஸ்ட் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மருத்துவமனையில் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1990-களில் இதைப் போலக் கண் பரிசோதகர்களிடம் நோயாளிகளை ஒப்படைத்துச் செய்த ஆய்வில், மருத்துவமனைக் கண்காணிப்புக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. எங்கள் மையப் பெண்களின் அளவீட்டிலும் நான் குறை கண்டதில்லை. குறை வேறோர் இடத்தில் இருந்தது, அதில் பாதி என்னுடையது.

ஐம்பத்தெட்டு வயதுக் கைத்தறி நெசவாளர் ஒருவர். முதன்முறை பார்த்தபோது இடக் கண்ணின் அழுத்தம் 26 மி.மீ. பாதரசம், இயல்பைவிடக் கூடுதல். சொட்டு தொடங்கியபின் மையத்திலிருந்து வந்த எண்கள் 16, 15, 16, 16. நான்கு முறையும், 'நல்லா இருக்கு, தொடருங்க' என்றேன். ஐந்தாம் முறை அவரே ஒன்றைச் சொன்னார். வலக் கண்ணில் தூசு விழுந்து கசக்கிக்கொண்டிருந்தபோது, இடக் கண்ணால் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியைப் பார்த்திருக்கிறார். தேதி தெரிந்ததாம், அதற்கு மேலிருந்த முருகன் படம் தெரியவில்லையாம். அன்றே வரவழைத்துச் செய்த பீல்டு டெஸ்ட்டில் இடக் கண்ணின் மேல்பாதியில் வில்போல வளைந்த கறுப்பு, பார்வை மையப்புள்ளிக்கு மிக அருகே வந்திருந்தது. பழைய படங்களைத் திறந்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரண்டாம் வருகையின் படத்தில், நரம்பு வட்டின், மேல்பாதிப் பார்வைக்குரிய கீழ்விளிம்பில், தீக்குச்சியால் கிழித்ததுபோல ஒரு சின்ன ரத்தக்கசிவு. நோய் அடங்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. எண்ணை முதலில் பார்த்து நிம்மதியடைந்தவன் படத்தைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆண்டு பீல்டு டெஸ்ட்டும் நடக்கவில்லை. மையம் சொல்லியிருக்கும் என்று நானும், டாக்டர் சொல்லியிருப்பார் என்று மையமும் இருந்துவிட்டோம். ஒரே கண்ணை இருவர் பார்த்துக்கொண்டிருந்தும், அந்த இடைவெளியை ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொன்று திரையில் தெரியவே தெரியாதது. கண்ணின் முன்புறக் கருவிழிக்கும் (கார்னியா) அதன் பின்னுள்ள கருவிழிப்படலத்துக்கும் (ஐரிஸ்) இடையில், கண் நீர் வடியும் கோணம் மூடியிருக்கிறதா என்பதை லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நம் மக்களிடம் மூடிய கோணம் அரிதும் அல்ல. அதனால் முதல் பரிசோதனை நேரில்தான் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், இந்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளிவந்தன. அலைபேசியில் மருந்தைத் தொடரச் சொல்ல அவை பெரிதும் உதவின. ஆனாலும் அலைபேசியால் அழுத்தத்தை அளக்க முடியாதே.

அந்த எண்ணும் முழு உண்மை சொல்லாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மையப் பெண். எழுபது வயதுப் பாட்டி ஒருவருக்கு இரவில் ஒரு சொட்டு வீதம் இரு கண்ணிலும் லேட்டனோப்ரோஸ்ட் என்ற, அழுத்தம் குறைக்கும் மருந்து. 2.5 மில்லி குப்பியில் சுமார் 80 சொட்டு இருக்கும். திறந்தபின் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இரண்டு மாதம் கழித்து அதே குப்பியோடு வந்திருந்தார். அழுத்தம் 17 என்று எனக்குச் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் குப்பியைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "பாட்டி, இது இன்னும் தீரலையே?" என்றார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா ரெண்டு மடங்கு வரும்ல தாயி. உங்ககிட்ட வர்ற வாரம் மட்டும் தெனமும் போட்டுருவேன்" என்றார் பாட்டி. பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் போட்டாலே எண் அழகாக இறங்கிவிடும். நெசவாளரின் பதினாறும் அப்படிப்பட்டதுதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

பிறகு அந்தப் பெண் பாட்டியைப் படுக்க வைத்து, கீழிமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு விட்டு, மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பாட்டி இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு விட்டதில் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிந்திருக்கிறது.

இப்போது மையத்திலிருந்து வரும் படிவத்தில் அழுத்தம் கடைசி வரிக்குப் போய்விட்டது. நரம்புப் படத்தை முந்தைய படத்தோடு அருகருகே வைத்துப் பார்த்தபின்தான் எண்ணைத் திறக்கிறேன். அடுத்த பீல்டு டெஸ்ட்டின் தேதியும் அதைச் சொல்ல வேண்டியவரின் பெயரும் படிவத்தில் இருக்கும். இது கூடுதல் எழுத்து வேலை என்று மையங்களில் முணுமுணுப்பு உண்டு. நியாயமான முணுமுணுப்புதான், ஏனெனில் ஊதியம் கூடவில்லை.

போன வாரம் ஒரு மையத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. படம் வரவில்லை, மையப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது. "சார், அழுத்தம் பதினாறு. ஆனா கடைசி பீல்டு டெஸ்ட் ஆகிப் பதினாலு மாசம் ஆச்சு. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிட்டேன்."

நான் அவரிடம் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.