காற்றாலைக்குப் பக்கத்தில் கரண்ட் இல்லாத வீடு

எங்கள் தோட்டத்து வாசலில் நின்றால் பதினேழு காற்றாலைகளை எண்ணலாம். தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் நடுவில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி நட்டவை. இருட்டினதும் அதன் உச்சியில் சிவப்பு விளக்குகள் மினுங்கும். இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் சார்ஜ் லைட்.

2022 தொடக்கத்தில் கோவையைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் அம்மாவோடு தோட்டத்துக்கே வந்துவிட்டோம். கடைசிக் கம்பம் எங்கள் வீட்டிலிருந்து நானூறு மீட்டர். நடுவில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தென்னந்தோப்பு. "மட்டை உழுந்து கம்பி அறுந்தா யாருக்குங்க வம்பு?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதோடு லைன் பேச்சை விட்டுவிட்டேன். கொள்கைக்காகவெல்லாம் சோலாருக்குப் போகவில்லை, வேறு வழி இல்லாமல்தான் போனேன்.

"அத்தனை காத்தடிக்குது, சின்னதா ஒரு காத்தாடி வெச்சுக்கலாமே" என்று சொல்லாதவர் இல்லை. நானும் ஆசைப்பட்டேன். ஆனால் காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கிற மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பெரிய காற்றாலைகள் நிற்கிற உயரம் வேறு, தென்னை மட்டத்தில் சுழன்றடிக்கிற காற்று வேறு. அம்மி பறக்கிற ஆடிக்காற்றும் வருஷத்தில் நாலு மாசம்தான். கைவிட்டேன்.

சோலாருக்குக் கடை கடையாக ஏறியபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் வேணுங்க?" அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவாகும், அதில் பொழுது சாய்ந்த பிறகு எத்தனை என்பதுதான் முதல் கேள்வி. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய பால் கணக்கு நோட்டில் எழுதினேன். 9 வாட் பல்பு ஆறு, ஐந்து மணி நேரம்: கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சின்ன ஃபிரிட்ஜ் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுத் தண்ணீருக்கு அரை எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் அரை யூனிட். டிவி, போன், மிக்ஸி எல்லாம் சேர்த்து இன்னொரு அரை யூனிட்டுக்குள். மூன்று ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டேகால் யூனிட்! மற்ற எல்லாம் சேர்த்ததற்கு ஈடாக ஃபேன் மட்டும் தின்கிறது.

75 வாட் ஃபேன்களைக் கழற்றிவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் வைத்த 30 வாட் ஃபேன் மாட்டினேன். இரண்டேகால் என்பது முக்கால் சொச்சமானது, மொத்தக் கணக்கு மூன்று யூனிட்டுக்கு இறங்கியது. இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான். இஸ்திரிப் பெட்டியை நோட்டில் எழுதவே இல்லை. சட்டை டவுனில் தேய்த்து வருகிறது. கிணற்று மோட்டாரையும் இதில் சேர்க்கவில்லை. ஐந்து எச்பி கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் வீட்டு இன்வெர்ட்டர் படுத்துவிடும். அதற்குப் பேட்டரியே இல்லாமல் பேனலிலிருந்து நேராக ஓடும் பம்புசெட் தனி வகை. 2019ல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் மத்திய, மாநில மானியம் அதற்கு உண்டு, வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்க வேண்டும்.

வெயில் நன்றாக அடிக்கிற நாளில் ஒரு கிலோவாட் பேனல் நாலு யூனிட் தரும். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில், இன்வெர்ட்டரில், ஒயரில் போனது போக மூன்றுதான் கைக்கு வரும். அதனால் 540 வாட் பேனல் இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் என்கிற ஈயப் பேட்டரி இரண்டு. ஸ்டாண்டு, ஒயர், எர்த்துக்குக் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டியது வரை ரூ.1,05,000 ஆனது.

மாட்ட வந்த தம்பி கெட்டிக்காரன், கை வேகமாக ஓடும். இரண்டு பேனலையும் சீரிஸில், அதாவது இரண்டின் வோல்டேஜும் கூடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிட்டான். இன்வெர்ட்டர் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பேனல் வோல்டேஜ் அதிகபட்சம் 100 என்று இருந்தது. பேனல் முதுகில் 49.5 வோல்ட்.

"99தானுங்ணா வருது, நூறுக்குள்ளதான இருக்குது?"

"தம்பி, அந்த 49.5 இருபத்தஞ்சு டிகிரில அளந்தது. பேனல் குளுந்தா வோல்டேஜ் ஏறும். மார்கழி காலைல பதினெட்டு டிகிரிக்கு என்ன வரும்?"

போனில் கணக்குப் போட்டான். 101. ஒன்றும் பேசாமல் கனெக்டரைக் கழற்றி, வோல்டேஜ் கூடாத பேரலலில் மாற்றினான். இந்த ஒரு இடத்தில் நான் தப்பித்தேன். மற்ற இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, நிழல். பேனலை எங்கே வைப்பது என்று வைகாசியில் மூன்று நாள் குச்சி நட்டு நிழல் பார்த்தேன். வாசலுக்குக் கிழக்கே காலையிலிருந்து மாலை வரை பளிச்சென்று வெயில். தெற்குப் பார்த்து, எங்கள் ஊர் அட்சரேகைக்கு ஏற்றபடி 11 டிகிரி சாய்த்து வைத்தாயிற்று. மார்கழி பிறந்ததும் பத்து மணிக்கு மேல் திரையில் வாட் பாதியாகத் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் தெற்கே நிற்கிற வேம்பின் ஒரு கிளை நிழல் பேனல் மேல் கோடு போட்ட மாதிரி கிடக்கிறது. பேனலுக்குள் செல்கள் சங்கிலி மாதிரி கோத்தவை, ஒரு கண்ணியில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே சுணங்கிவிடும். வைகாசியில் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே போகிறது, மார்கழியில் உச்சிப் பொழுதில்கூட 34 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கிறது. குச்சி நட்டவனுக்கு இது தோன்றவில்லை.

"மார்கழில வேப்பமரத்து நெழலு வாசல்ல பாதிக்கு வந்துருமே கண்ணு. கோழிகூட வெயிலத் தேடி அந்தப் பக்கம் போயிருமே" என்றார் அம்மா.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்லம்மா?"

"நீ எங்க கேட்ட? குச்சியத்தானே கேட்டுட்டு இருந்த."

இன்னொன்று, பேட்டரி. 150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட் என்றால் 1.8 யூனிட். இரண்டுக்கு 3.6. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும் என்பதால் கைக்கு 1.8 யூனிட்தான். எங்கள் ராத்திரிச் செலவும் சொல்லிவைத்தாற்போல் 1.8. காகிதத்தில் அழகாக இருந்தது. ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மூடாக்கு போட்டதும், விடியற்காலை மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எழுந்து போய் ஃபிரிட்ஜை நிறுத்துவேன், மறுநாளும் அதே கத்தல். அதற்கு மேல், கடைக்காரர் தந்தது சி20 பேட்டரி. வீட்டில் எப்போதாவது கரண்ட் போனால் கைகொடுக்கிற ரகம். தினமும் ஏறி இறங்குகிற சோலாருக்கு சி10 என்று போட்டது வேண்டும். அந்த எழுத்தை நான் பார்க்கவே இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், அமிலத்தின் அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். பதினாலாவது மாசம், 2023 ஜூலையில், இரண்டும் செத்தன.

அடுத்து வாங்கியது லித்தியம் அயன் பாஸ்பேட், 25.6 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர். ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும், எண்பது சதவீதம் தைரியமாக எடுக்கலாம். விலை ரூ.75,000. முதல் வாரம் உச்சி வெயிலில் படக்கென்று வீடே அணைந்தது. இன்வெர்ட்டர் செட்டிங் இன்னும் டியூபுலரிலேயே இருந்திருக்கிறது. ஈயப் பேட்டரிக்கு நல்லது என்று அது அவ்வப்போது வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க, லித்தியம் பேட்டரிக்குள் இருக்கிற காவல் சர்க்யூட் கதவைச் சாத்திவிட்டது. 28.4 வோல்ட்டில் நிறுத்தி, அப்படி ஏற்றிக் கொடுக்கிற ஈக்வலைசேஷனை அணைத்ததும் சரியானது. கூடவே இன்னும் இரண்டு பேனல் வாங்கி, பேட்டரிக்கு ஏற்றுவதைக் கட்டுப்படுத்துகிற தனி சார்ஜ் கண்ட்ரோலர் வைத்து, நாலையும் மாட்டுக் கொட்டகைக் கூரைக்குக் கொண்டுபோனோம். வேம்பை வெட்டிவிடலாம் என்று ஒரு தடவை வாயெடுத்தேன், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் நேரம் பார்த்துத்தான் வேலை. மாவு ஆட்டுவது பதினொன்றிலிருந்து இரண்டுக்குள். தண்ணீர்த் தொட்டி உச்சியிலேயே நிரம்பிவிட வேண்டும், சாயங்காலம் மோட்டார் கிடையாது. அடுப்பு இன்னும் சிலிண்டரில்தான் எரிகிறது. பேனல் மேல் மயில் வந்து உட்காருகிறது. பார்க்க அழகுதான், எச்சத்தைக் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும். விடியற்காலையில், கண்ணாடி சூடாகும் முன் கழுவிவிட வேண்டும்.

2024ல் வீட்டுக் கூரை சோலாருக்கு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு டவுனில் இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் என்பது லைனோடு சேர்த்து மாட்டுகிறவர்களுக்கு. என்னைப் போலத் தனியாக நிற்கிறவனுக்கு இல்லை. அப்படி லைனோடு மாட்டினால் ஊரில் கரண்ட் போகிறபோது உங்கள் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கிற ஆள்மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக்கூடாதே! அந்த நேரமும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். ஆனால் வாசலில் கம்பம் நிற்கும்போது லைனை வெட்டிவிட்டுத் தனியாகப் போகிறேன் என்றால் வேண்டாம் என்பேன். இதுவரை எனக்கு ரூ.2,20,000 ஆகியிருக்கிறது. என் செலவு இரண்டு மாசத்துக்கு 180 யூனிட். லைன் இருந்தால் 100 இலவசம் போக மீதி எண்பதுக்குச் சில நூறு ரூபாய்க்குள் பில் வரும். எந்தக் கணக்கில் போட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

போன மாசம் தென்னந்தோப்புக்காரர் தானாகவே வந்தார். ஓரமாக ஒரு வரிசைத் தென்னை காண்டாமிருக வண்டு அடித்துப் போய்விட்டதாம். "அந்த வழில வேணும்னா கம்பம் நட்டுக்கங்க." நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஐப்பசி மூடாக்குக்கு மட்டும் லைன், மற்ற மாசம் கொட்டகைக் கூரை. மனைவிக்கு அதற்குள் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.