வரி கட்டினவங்களுக்குத்தான் சாலையா?

காரில் போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் சாலையில் வாக்குவாதம் வந்தால், சுற்றிச் சுற்றி அது வரியில் வந்து நிற்கும். "நான் டாக்ஸ் கட்டி ஓட்டுறேன். நீ சும்மா ஓட்டுற. ஓரமாப் போ!" இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று பணம், மற்றது இடம். பணத்தைப் பற்றிச் சொல்வது தவறு. இடத்தைப் பற்றிய எரிச்சலில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்த எரிச்சல் போகவேண்டிய முகவரி சைக்கிள்காரர் அல்ல.

முதலில் பணம். வாகன வரி என்பது வாகனம் வைத்திருப்பதற்கான வரி. சாலையில் போகும் உரிமையை அது விற்பதில்லை. பிரிட்டனில் இதற்குத் தெளிவான வரலாறே இருக்கிறது. அங்கே 1920-இல் சாலைச் சட்டம் போட்டு, வாகன வரியைச் சாலைகளுக்கென்று தனி நிதியாகச் சேர்த்தார்கள். 1926-இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியில் கைவைத்துப் பொதுச் செலவுக்கு எடுத்தார். வரி கட்டியவர்கள் சாலை தங்களுக்கே சொந்தம் என்று நினைக்கத் தொடங்கிவிடக் கூடாது என்பது அவர் வாதங்களில் ஒன்று. 1937-இல் அந்த வரி பொதுக் கருவூலத்தோடு சேர்ந்துபோனது. 'ரோடு டாக்ஸ்' என்ற பேச்சு மட்டும் இன்றுவரை நிற்கிறது. 2001-லிருந்து அங்கே புதிய கார்களுக்குக் கரியமில வாயு அளவை வைத்து வரி போட்டார்கள். அதனால் மின்சாரக் கார்கள் 2025 ஏப்ரல் வரை வருட வரியே கட்டாமல் ஓடின. அவற்றை யாரும் ஓரமாகப் போகச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பெட்ரோல் வரியை நெடுஞ்சாலை நிதிக்கென ஒதுக்கும் முறை 1956-லிருந்து நடக்கிறது. ஆனால் ஒரு கேலனுக்கு 18.4 சென்ட் என்ற கூட்டாட்சி வரி 1993-க்குப் பிறகு ஏறவில்லை. 2008-லிருந்து பொதுவரிப் பணத்தைப் பலமுறை எடுத்துப் போட்டுத்தான் அந்த நிதியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பொதுவரி என்றால் பெரும்பாலும் வருமானவரி, அதாவது கார் இல்லாதவரும் கட்டும் பணம். ஊருக்குள் இருக்கும் தெருக்களுக்குப் பல நாடுகளில் செலவழிப்பது உள்ளாட்சி, சொத்துவரிப் பணத்திலிருந்து. சைக்கிளில் போகிறவர் வாடகையிலும் வீட்டுவரியிலும் அதில் தன் பங்கைக் கொடுத்தாகிவிட்டது. அவர்களில் பலர் வீட்டில் காரும் நிற்கிறது, அதற்கு வரியும் கட்டியிருக்கிறார்கள்.

தேய்மானக் கணக்கைப் பார்த்தால் வாதம் இன்னும் பலவீனமாகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே, இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை இரண்டு வருடம் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த விதி: சாலைக்கு ஏற்படும் சேதம், ஓர் அச்சின் மேல் விழும் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 1,500 கிலோ காரில் ஓர் அச்சுக்கு 750 கிலோ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் அச்சுக்கு 45 கிலோ. விகிதம் ஏறக்குறைய 16.7. நான்காம் அடுக்கு போட்டால் 77,000-ஐத் தாண்டும். அச்சுக்குப் பத்து டன் ஏற்றிய லாரியைக் காரோடு ஒப்பிட்டால் 31,000 மடங்குக்கு மேல்.

இந்த எண்ணை அப்படியே விலைச்சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சோதனை கனரக அச்சுகளுக்காக நடந்தது. சைக்கிள் அளவு எடைக்கு வந்தால் சாலையைக் கெடுப்பது வெயிலும் மழையும்தான், சக்கரம் இல்லை. ஆனாலும் திசை தெளிவு: தேய்மானத்துக்குத் தக்க வரி என்று நேர்மையாகக் கணக்குப் போட்டால் சைக்கிளுக்கு வரும் பில், அதை அச்சடிக்கும் காகிதச் செலவுக்குக்கூடக் காணாது.

சைக்கிளுக்கு வரி போட்டுப் பார்க்காமலும் இல்லை. நெதர்லாந்தில் 1924-லிருந்து 1941 வரை சைக்கிள் வரி இருந்தது. கட்டினால் ஒரு சின்ன உலோக வில்லை, அதைச் சைக்கிளில் மாட்ட வேண்டும். வேலையில்லாதவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்கள் வில்லையில் நடுவே ஓட்டை போட்டிருக்கும். பார்த்த உடனே யார் ஏழை என்று தெரிந்துவிடும். அந்த ஓட்டையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கசக்கிறது. கனடாவின் டொரோண்டோ நகரம் 1935 முதல் 1957 வரை சைக்கிளுக்கு உரிமம் வைத்திருந்தது. கிடைத்த பணத்தைவிட வேலை அதிகம், தெரியாமல் விதியை மீறிக்கொண்டிருந்ததோ சின்னப் பிள்ளைகள். விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்து சைக்கிளுக்கு ஸ்டிக்கர் ஒட்டவைத்தது. அது சாலை வரி இல்லை, அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. அதையும் 2012-இல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2018-லிருந்து 200 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள புதுச் சைக்கிளுக்கு 15 டாலர் வாங்குகிறது. அதனால் அங்கே திட்டு குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஹாரன் அடிப்பவர் சைக்கிள்காரரிடம் ரசீது கேட்டுவிட்டா அடிக்கிறார்?

ஏனென்றால் உண்மையான சண்டை ஒன்றரை மீட்டருக்கானது.

ஒரு லேன் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் சக்கரம் சாலை விளிம்பிலிருந்து 75 சென்டிமீட்டரில் போகிறது. ஹேண்டில்பாரில் பாதி 30 சென்டிமீட்டர். ஆக, விளிம்பிலிருந்து 1.05 மீட்டர் வரை சைக்கிளின் இடம். கடக்கும்போது விடவேண்டிய இடைவெளி 1.5 மீட்டர். பிரிட்டனில் 2022-லிருந்து மணிக்கு 30 மைல் வரையான வேகத்துக்கு இதுதான் வழிகாட்டு அளவு. ஜெர்மனியில் 2020-லிருந்து ஊருக்குள் 1.5, ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமே சொல்கிறது. இரண்டு பக்கக் கண்ணாடியோடு சேர்த்துக் காரின் அகலம் 2 மீட்டர். எல்லாம் கூட்டினால் 4.55 மீட்டர். லேனோ 3.5. கார் ஒரு மீட்டருக்கு மேல் பக்கத்து லேனில் ஏறியே ஆகவேண்டும்.

சரி, சைக்கிளை விளிம்போடு ஒட்டி, 30 சென்டிமீட்டரில் ஓட்டச் சொல்வோம். அப்போதும் 4.1 மீட்டர் வேண்டும். அதாவது எதிரே வண்டி வந்தால், சைக்கிள் எவ்வளவு ஒதுங்கினாலும் முறையாகக் கடக்க முடியாது. ஒதுங்குவதால் ஒன்றே ஒன்று நடக்கிறது. பின்னால் வருபவர் கண்ணுக்கு இடம் இருப்பதுபோலத் தெரிகிறது. கார் தன் லேனின் நடுக்கோட்டை ஒட்டிப் போனாலே இரண்டுக்கும் இடையே மிச்சம் 90 சென்டிமீட்டர்தான். எதிர்வண்டிக்குப் பயந்து அவர் இன்னும் உள்ளே வருவார். உரசல் நடப்பது அங்கேதான். குறுகலான இடத்தில் பழக்கமுள்ள சைக்கிள்காரர்கள் லேனின் நடுவுக்கு வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். பார்ப்பவர்களுக்குத் திமிர்போலத் தோன்றும். பிரிட்டிஷ் சாலை விதிநூல் மெதுவான போக்குவரத்திலும் சந்திப்புகளிலும் சாலை குறுகும் இடங்களிலும் அப்படித்தான் ஓட்டச் சொல்கிறது.

ஜோடியாகப் போவதும் இதே கதை. எட்டுப் பேர் ஒருவர்பின் ஒருவராகப் போனால் வரிசை 28 மீட்டர் நீளம். இரண்டிரண்டாகப் போனால் 13 மீட்டர். பக்கத்து லேனுக்கு எப்படியும் போகவேண்டிய காருக்கு, குட்டையான வரிசையைக் கடப்பது சீக்கிரம் முடியும். ஆனால் வளைந்து வளைந்து போகும் சாலையில் பின்னால் பத்து வண்டி சேர்ந்துவிட்டதென்றால், பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி விட்டுவிடுவதுதான் மரியாதை. அங்கே ஜோடி போட்டுக்கொண்டு பேசியபடி போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கார்காரருக்கு இதில் இழப்பு எவ்வளவு? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டியவர் 20-இல் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 300 மீட்டர் ஊர்ந்தால் 54 வினாடி ஆகும். இல்லையென்றால் 22. முப்பத்திரண்டு வினாடி, பெரும்பாலும் அடுத்த சிவப்பு விளக்கிலேயே நேராகிவிடும். கடக்கும்போது 15 மீட்டர் பின்னாலேயே விலகத் தொடங்கி, 10 மீட்டர் முன்னால் போனபின் உள்ளே திரும்ப வேண்டும். ஏறக்குறைய 4 வினாடி, 50 மீட்டருக்குச் சற்று மேல். எதிரே வருபவரும் அதே நேரத்தில் அதே தூரம் வருவார். ஆகவே 100 மீட்டருக்கு மேல் காலியாகத் தெரியாவிட்டால் தொடங்கவே கூடாது. பலர் செய்யும் பிழை முடிவில்தான். காரின் முன்பாதி தாண்டியதும் உள்ளே வெட்டிவிடுகிறார்கள், பின்பாதி சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஓரப்பக்கக் கண்ணாடியில் சைக்கிள் முழுசாகத் தெரிந்தபின் திரும்பினால் போதும். பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பவரின் கை, தலை திரும்பும் பக்கமே ஹேண்டிலைக் கொஞ்சம் இழுத்துவிடும்.

"சைக்கிள் பாதை போட்டிருக்கே, அதில் போகவேண்டியதுதானே?" என்பது அடுத்த குறை. குனிந்து அந்தப் பாதையைப் பாருங்கள். கார் டயர்கள் லேனைக் கூட்டித் தள்ளுகிற கண்ணாடித்தூளும் கம்பித்துண்டும் ஜல்லியும் வந்து சேர்வது அங்கேதான். வடிகால் மூடியின் கம்பிகள் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால், 28 மில்லிமீட்டர் டயர் நேராக இடுக்கில் இறங்கும். சக்கரம் நிற்கும், ஆள் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுவார். கம்பிகளைக் குறுக்காக வைக்கும்படி மூடியைத் திருப்பிப் போட்டாலே இது தீரும். பக்கத்தில் கார்கள் நின்றால் திறக்கும் கதவு ஒரு மீட்டருக்கு மேல் வெளியே வரும். பாதையையே அந்தக் கதவுக்குள் போட்டிருக்கும் ஊர்கள் ஏராளம். காரில் இருப்பவர் கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் திறந்தால் உடம்பு தானே திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும்.

சைக்கிள்காரர்கள் பக்கமும் பேச வேண்டும். சிவப்பில் போவது, எதிர்த்திசையில் வருவது, இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டுவது மூன்றும் தவறு. வரி கட்டாததால் அல்ல, ஆபத்து என்பதால். லேன் நடுவுக்கு வருவதானால் 30, 40 மீட்டருக்கு முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, படிப்படியாக வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்னலில் நிற்கும் லாரிக்கும் சாலை விளிம்புக்கும் நடுவே நுழையாதீர்கள். அது திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு நீங்கள் கண்ணாடியில் தெரியாமலேயே இருக்கலாம். பச்சை விழும்வரை அதன் பின்னாலேயே நில்லுங்கள்.