நாலு காலையும் பற்றவைத்தேன், கோளாறு வேறு இடத்தில்

மூன்று வாரமாகப் படுத்திய பென்டிரைவ் நேற்று இரவு வழிக்கு வந்தது. மாமாவுடையது. உள்ளே மகளின் திருமணப் படங்கள்; வேறு நகல் கிடையாது. “சில நேரம் தெரியுது, சில நேரம் தெரியலப்பா” என்று கொடுத்தார்.

போர்ட், கணினி எல்லாம் மாற்றியாயிற்று. பத்து முறை செருகினால் மூன்று முறைதான் தெரியும். லினக்ஸின் பதிவேட்டில், டிரைவ் ‘நான் யார்’ என்று தன்னை அறிமுகப்படுத்தும் கட்டத்திலேயே எரர் -71, அதாவது தகவல் பரிமாற்றப் பிழை. டிரைவுக்கு மின்சாரம் வருகிறது, கணினியோடு பேச்சுதான் முறிகிறது. 2000-இல் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் பென்டிரைவை விற்கத் தொடங்கியது நம் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்றைப் பிழைக்கவைக்க முடியாதா என்ற வீம்பு வேறு.

கூட்டைப் பிரித்து, பிளக்கின் நான்கு கால்களையும், ஈயம் நன்றாகப் பிடிக்க ஃப்ளக்ஸ் பசை தடவி மறுபடி பற்றவைத்தேன். அரைமணி நேரம் ஜோர். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். அதே நாலு காலையே திரும்பச் சுட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன். 5 வோல்ட் வருகிறது, அதைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைத் தாண்டி 3.3 வோல்ட்டும் ஒழுங்கு. கடுப்பில் ஒரு பல்குச்சியை எடுத்து, ஒவ்வொரு பாகமாக அழுத்தியபடி செருகிப் பார்த்தேன். சிப்புக்குத் தாளம் கொடுக்கும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை அழுத்தினால் பத்துக்குப் பத்து!

பூதக்கண்ணாடியில் பார்த்தால், கிரிஸ்டலின் ஒரு காலைச் சுற்றி மயிரிழை விரிசல். மாமாவிடம் கேட்டேன். “ஒருதரம் கீழ விழுந்துச்சு, ஏன்?” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அந்த ஒற்றைக் கால்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பக்கத்திலேயே கிரிஸ்டலின் உலோகக் கூடு. முதல் முயற்சியில் ஈயம் அதோடு ஒட்டிக்கொண்டது. ஈயம் உறிஞ்சும் செம்புத் திரியால் எடுத்து, பற்றுக்கோலில் கூர்முனைக்கு மாறி, இரண்டு நொடிக்கு மேல் வைக்காமல் தொட்டு எடுத்தேன். கை நடுங்காமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

போதாக்குறைக்கு மாற்றுக் கிரிஸ்டல் வாங்கச் சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போயிருந்தேன். பக்கத்திலிருக்கும் சிம் லிம் ஸ்கொயர் இல்லை, டவர். உதிரிபாகத்துக்கு அதுதான். சில்லறைப் பொருள் வாங்கப் போய் ஃப்ளக்ஸ் பேனா, இரண்டு ட்வீசர் என்று பை நிறைந்தது. சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் கருவி ஒன்றிலும் கண் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இப்போது டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருளில் நகல் 61 சதவீதம் ஓடியிருக்கிறது. இரண்டு இடத்தில் படிக்க முடியாமல் தாண்டிப் போனது; கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க ஒரு சுற்று விட வேண்டும். மாமா வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை கேட்டுவிட்டார். படம் திறந்த பிறகுதான் பதில்.