கம்பு மணி நத்தை: குரசாவ் பாறைக்கரையில் எட்டு மாதம்

மார்ச் மாதக் குறிப்பேட்டின் முதல் வரி இது: "சாம்பல் நத்தை, ஓடெல்லாம் மணி மணியாக, 64. எல்லாம் ஒரே இனம்." அந்தக் கடைசி மூன்று சொற்களைத் திருத்த எனக்கு மூன்று மாதம் ஆனது.

இடம் குரசாவ். வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் கிடக்கும் வறண்ட தீவு. வேலைக்காக வந்தவன் நான். கடல் உயிரியல் படித்ததில்லை. தீவின் விளிம்பு முழுக்கப் பழைய பவளப்பாறை சுண்ணாம்புக்கல்லாக இறுகிக் கிடக்கிறது. உப்புத்தண்ணீர் அரித்து அரித்து அதன் மேற்பரப்பைக் கத்தி முனைகளாக ஆக்கிவிட்டது. சாதாரணச் செருப்போடு போனால் ஒரே நாளில் அடிப்பாகம் கிழிந்துவிடும். அடி தடித்த ஷூ, முழங்கால் மூடும் பேன்ட், இரண்டும் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

கையில் இருந்தவை: துணி தைப்பவர்களின் அளவுநாடா, பிளாஸ்டிக் வெர்னியர், போனில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ், குறிப்பேடு. உயிருள்ள எதையும் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். வடகரையில் ஷெட்டே போக்கா தேசியப் பூங்கா எல்லைக்குள் கண்ணால் பார்ப்பதோடு சரி. தொட்டு அளந்ததெல்லாம் தென்கரையில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பாறையில்தான்.

கரீபியனில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு. இங்கே சுமார் ஒரு அடிதான். அதனால் ஓதம் தொட்டுவிட்டுப் போகும் பகுதி என்று தேடினால் ஒரு முழ அகலத்துக்கு மேல் தேறாது. ஆனால் அலை தெறிக்கும் பகுதி அதற்கு மேலே வெகுதூரம் போகிறது. பாறையை உற்றுப் பார்த்தால் நிறப் பட்டைகள் தெரியும்: தண்ணீரை ஒட்டி மஞ்சள், அதன் மேல் கறுப்பு, அதற்கு மேல் சாம்பல், எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை. கடற்கரை உயிர்களை ஆராய்ந்த ஸ்டீபன்சன் தம்பதி 1950இல் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பட்டைகளைத்தான் வரிசைப்படுத்தினார்கள். நான் எண்ணியவற்றில் பெரும்பாலானவை மேலே, சாம்பலும் வெள்ளையும் கலக்கும் இடத்தில், கடல்நீர் நேரடியாகத் தொடாத பாறையில் இருந்தன. பக்கத்துக் கடல்திராட்சை மரத்தின் அடிமரத்திலும் இரண்டு ஒட்டியிருந்தன. கடல் நத்தை மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அன்றுதான் இது ஒரு வாரத்தோடு முடிகிற பொழுதுபோக்கு இல்லை என்று புரிந்தது.

பெயர் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. செங்க்ரிட்டிஸ் மூரிகாட்டஸ். படத்தைப் பார்த்ததும் 64ஐயும் அந்தப் பெயரில் எழுதிவிட்டேன். தவறு அங்கேதான்.

ஏப்ரலில் வெர்னியரால் அளக்கத் தொடங்கியபோது கணக்கு உதைத்தது. சில இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். சில ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டவே இல்லை. குட்டியும் தாயும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சின்னவை இருந்தது கீழே, கறுப்புப் பட்டைக்குப் பக்கத்தில். நிறமும் பழுப்பு ஓடியது. லென்ஸ் வைத்துப் பார்த்ததும் அடுத்த வித்தியாசம் தெரிந்தது. பெரியதில் மணிகள் உருண்டை, வெள்ளை, ஒரே அளவு, கோத்த மாலை போல வரிசையாகச் சுற்றிப் போகின்றன. சின்னதில் அவை மணிகளே அல்ல, கூர் முண்டுகள். ஒரு சுற்றின் முண்டுக்கு நேர் கீழே அடுத்த சுற்றின் முண்டு என்று செங்குத்தாகவும் வரிசை கட்டி நிற்கின்றன. காலி ஓடு ஒன்று கிடைத்ததும் திருப்பிப் பார்த்தேன். பெரியதன் வாய்க்கு உள்பக்கம் பழுப்பு, நடுத்தண்டின் (ஓட்டின் சுருள் சுற்றிவரும் அச்சு) ஓரம் மெல்லிய கீறல் போல ஒரு பள்ளம். சின்னதில் நடுத்தண்டு தட்டையாக, சின்ன அலமாரித் தட்டு மாதிரி அகன்று இருந்தது.

சின்னது எக்கினோலிட்டோரினா டியூபர்குலாட்டா. குடும்பம் இரண்டுக்கும் ஒன்றே, லிட்டோரினிடே. பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பு, பெயரின் முதல் சொல், வேறு. 64இல் 23 அந்த இனம். இதோடு குழப்பம் முடிந்தது என்று நினைத்தபோது மூன்றாவதாக ஒரு முண்டு நத்தையும் கரீபியனில் உண்டு என்று தெரிந்தது: டெக்டேரியஸ் அன்டோனியை. வெளித்தோற்றத்தில் டியூபர்குலாட்டாவோடு அப்படியே குழப்பும். பிரித்துக் காட்டுவது மூடி. நத்தை உடம்பை உள்ளிழுத்துக்கொண்டு வாயை அடைக்கிறதே, அந்தக் கொம்புப் பொருளாலான கதவு. டியூபர்குலாட்டாவின் மூடியில் சுருள் ஒன்றிரண்டு சுற்றில் அகன்று முடிந்துவிடும். அன்டோனியையின் மூடியில் நெருக்கமான பல சுற்றுகள், பழைய கிராமபோன் தட்டு போல. 1954இல் ஓட்டு ஆய்வாளர் டக்கர் அபட் அட்லாண்டிக் முண்டு நத்தைகளை ஒழுங்குபடுத்தியபோது இந்த மூடிக்குப் பெரிய இடம் கொடுத்தார். என் 23இன் மூடிகளையும் குப்புறப் படுத்துப் படம் எடுத்தேன். எல்லாமே சில சுற்று மூடிதான். அன்டோனியை இன்னும் என் கண்ணில் படவில்லை.

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போல ஓட்டின் மேற்புறத்தைப் பார்த்து நத்தையைச் சொல்ல முடியாது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. வெயிலில் வாழ்கிற நத்தைகளில் முண்டு பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. உறவு உள்ளே இருக்கிறது: நாக்கின் பல்வரிசையில், ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பில், முட்டைக் கூட்டின் வடிவத்தில், டிஎன்ஏவில்.

பெரிய நத்தையின், செங்க்ரிட்டிஸ் மூரிகாட்டஸின், பெயர் மாறி மாறி வந்த கதையும் அதைத்தான் சொல்கிறது. உயிரினங்களுக்கு இருசொல் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் டர்போ மூரிகாட்டஸ். வாய் வட்டமாக இருந்த எத்தனையோ நத்தைகளை அவர் டர்போ என்ற ஒரே பெட்டியில் போட்டிருந்தார். பிறகு வந்தவர்கள் லிட்டோரினாவுக்கு மாற்றினார்கள். பிறகு முண்டைப் பார்த்து டெக்டேரியஸ் ஆக்கினார்கள். நெடுநாள் அந்தப் பெயரே நிலைத்தது; பழைய ஓடு சேகரிப்பாளர்களின் சீட்டுகளில் இன்றும் டெக்டேரியஸ் மூரிகாட்டஸ் என்றுதான் இருக்கும். ஃபான் மார்ட்டன்ஸ் 1900இல் உருவாக்கிய செங்க்ரிட்டிஸ் என்ற பெயரை முழுப் பேரினமாக உயர்த்தியது டேவிட் ரீட் 1989இல் செய்த ஆய்வு. முழுக் குடும்பத்தின் உள்ளுடலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது டெக்டேரியஸ் கூட்டம் அல்ல, தனிக்கிளை என்று அவர் காட்டினார். இன்று அந்தப் பேரினத்தில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் "லின்னேயஸ், 1758" என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவதற்கும் காரணம் இதுவே: இனத்துக்குப் பெயர் வைத்தவர் அவர், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் அது இப்போது இல்லை.

செங்க்ரிட்டிஸ் என்ற சொல்லின் வேரைத் தேடியபோது எனக்கு மட்டும் சொந்தமான ஒரு சந்தோஷம் கிடைத்தது. கிரேக்கத்தில் கென்க்ரோஸ் என்றால் சிறுதானியம். ஓட்டின் மேல் தானியம் ஒட்டியது போல என்று பொருள் கொள்ளலாம். நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் வளர்ந்தவன். முதல் நாளே அந்த ஓட்டைப் பார்த்து மனதுக்குள் சொன்னது "கம்மங்கருது" என்றுதான். தாவரவியலாளர்கள் இப்போது கம்புக்கு வழங்கும் பெயர் செங்க்ரஸ் அமெரிக்கானஸ். அதே கிரேக்கச் சொல்தான் அதன் வேரும். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் இதற்குப் பெயர் கம்பு மணி நத்தை.

மே, ஜூன் முழுக்க உயரம் அளந்தேன். தென்கரையில் கடல் குளம் போலக் கிடக்கும் இடத்தில் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே கம்பு மணி நத்தை தொடங்கிவிடுகிறது. வடகரையில் காற்று ஓயாமல் கிழக்கிலிருந்து அடிக்க, அலை பாறைச்சுவரில் மோதி மேலே சிதறுகிறது. அங்கே சுவரின் முகத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. மேலே தட்டையான சுண்ணாம்பு மேடையில், விளிம்பிலிருந்து பல எட்டு உள்ளே தள்ளி, உப்புச்சாரல் படியும் குழிகளில் இருக்கிறது. இரு கரையிலும் பெரியவை மேலே, சிறியவை கீழே.

ஒரு நாள் தூண்டில் போட வந்த பெரியவர் ஒருவர் நான் குனிந்து எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "கிவாவா தேடுகிறீர்கள்? அது கீழே, அலை அடிக்கிற இடத்தில் இருக்கும். இது சாப்பிட உதவாது" என்றார். தீவில் பேசும் பாப்பியமெந்து மொழியில் கிவா என்பது கறுப்பு வெள்ளைத் திட்டுகள் கொண்ட பெரிய நத்தை, சிட்டேரியம் பைக்கா. தீவில் சூப்புக்குப் பேர்போனது. அவர் காட்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இடையில் நெரிட்டா நத்தைகள். அவற்றில் ஒன்றுக்கு வாயில் ரத்தம் கசிந்த பல் போலச் சிவப்புக் கறை. ஒரே பாறையில் ஆளுயரத்துக்குள் மூன்று வகை. இவை மூன்றும் வயிற்றுக்காலிகளின், அதாவது நத்தை வகுப்பின், மூன்று வெவ்வேறு பெருங்கிளைகளைச் சேர்ந்தவை என்று பிறகு படித்தபோது அந்தப் பாறைமேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. கம்பு மணி நத்தைக்குக் கிவா நெருங்கிய சொந்தமே அல்ல.

பரவலைப் புரிந்துகொள்ளவும் இந்த மூன்றையும் ஒப்பிட்டதுதான் உதவியது. கம்பு மணி நத்தை காய்ந்த பாறையில் வாழ்ந்தாலும் முட்டையைக் கடலில்தான் விடுகிறது. நுண்ணிய முட்டைக்கூடு மிதந்து போகிறது, பொரிக்கும் குஞ்சு மிதவை உயிரிகளைத் தின்று வாரக்கணக்கில் நீரோட்டத்தில் அலைகிறது. அதனால்தான் ஃப்ளோரிடாவின் தென்முனை, பஹாமாஸ், பெர்முடா, பெரிய சிறிய ஆன்டிலீஸ் தீவுகள், மத்திய அமெரிக்காவின் கிழக்குக் கரை, வெனிசுவேலா என்று இடைவிடாமல் பரவியிருக்கிறது. கிவாவின் குஞ்சு ஒன்றும் தின்னாது. முட்டையில் இருந்த ஊட்டத்தை வைத்துச் சில நாட்களிலேயே பாறையில் இறங்கிவிடும். தூரம் போகாது. பெர்முடாவில் மனிதர்கள் தின்றே அதை ஒழித்தார்கள். அந்தத் தீவு அட்லாண்டிக்கில் தனித்துக் கிடப்பதால் அது தானாகத் திரும்பி வரவே இல்லை. 1982இல் பஹாமாஸிலிருந்து கொண்டுபோய் விட்ட பிறகுதான் மறுபடி பெருகியது.

ஜூலையில் இணையத்தில் அருங்காட்சியகப் பதிவுகளின் வரைபடத்தைத் திறந்தேன். கரீபியன் முழுக்கப் புள்ளிகள். ஆனால் சில புள்ளிகள் பசிபிக் பக்கம், மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில். சீட்டு மாறிய பிழை என்று எடுத்துக்கொண்டு கடந்து போக இருந்தேன். பிழை அல்ல. அங்கே உண்மையிலேயே இது காணப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த கூட்டம். பனாமா நிலப்பாலம் மூடிச் சுமார் 30 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. 1914இல் திறந்த கால்வாயின் நடுவே கட்டூன் ஏரி, நன்னீர். கடல் நத்தையின் குஞ்சு அதில் பிழைக்காது. ஆனால் வளர்ந்த நத்தை? தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு கிடக்கக்கூடியது. ஏதாவது ஒரு சரக்கின் மடிப்பில் ஒட்டியபடி நிலத்தின் வழியாகவே போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் புள்ளியையும் "இருக்க முடியாது" என்று அடித்துவிடுவதை அன்றோடு நிறுத்தினேன்.

ஆகஸ்டில் நகப்பூச்சால் அடையாளம் வைத்தேன். முதல் முயற்சி வீண். ஓட்டில் படிந்த உப்பின் மேல் பூசியதால் இரண்டே நாளில் உரிந்துவிட்டது. அடுத்த தடவை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூசலாம் என்று நல்ல தண்ணீரில் நனைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே பாறையில் செத்தது போல ஒட்டியிருந்தவை மூடியைத் திறந்து, காலை நீட்டி, நடக்கத் தொடங்கின. பகலில் அவை பாறையைக் காலால் பிடித்திருப்பதில்லை. சளியை வாயின் விளிம்பில் காயவிட்டு அந்தப் பசையில் தொங்குகின்றன; உடம்பு முழுக்க உள்ளே. சுடும் பாறையில் உடம்பு படாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. நான் ஊற்றிய தண்ணீரை மழை என்று எண்ணி எழுந்துவிட்டன. கொதிக்கும் மதியத்தில் அவற்றை எழுப்பி ஈரத்தை வீணாக்கியதற்கு வருத்தப்பட்டேன். அதன் பிறகு அடையாளம் வைப்பது பொழுது சாய்ந்த பிறகுதான், உலர்ந்த பல்துலக்கியால் தேய்த்துவிட்டு.

40க்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். அதில் பத்தை மட்டும் அலைக்கு நெருக்கமாக இரண்டு மீட்டர் கீழே இறக்கி விட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஏழு மறுபடி சாம்பல் பட்டையில் இருந்தன. ஒன்று பாதி வழியில். இரண்டைக் காணவில்லை. ஒரு தடவை செய்து பார்த்ததை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் வடகரைக்கு வெளியே இன்னோர் இடத்தில் திரும்பச் செய்ய வேண்டும்.

அக்டோபர் கடைசியில், மழைக்காலத்தின் முதல் நல்ல மழை இரவு எட்டு மணிக்குப் பிடித்தது. நின்றதும் டார்ச்சோடு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாறை முழுக்க அசைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக அதே குழியில் பார்த்த கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் ஈரப்பாறையின் மெல்லிய பாசியைச் சுரண்டியபடி ஊர்ந்தது. பின்னால் பளபளக்கும் கோடு. "அப்பா, சிவப்புப் பொட்டு!" என்று அவள் காட்டிய இடம் கடல்திராட்சை மரத்தின் வேர். புள்ளி வைத்த இடத்திலிருந்து அளவுநாடாவில் நாலு மீட்டர் பத்து சென்டிமீட்டர். எழுதிக்கொண்டு நிமிர்வதற்குள் அது வேரைத் தாண்டி மரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது.