தேடல் பெட்டியில் வந்த சொல்

இன்று காலை, பாடத்துக்காக மகள் டேப்லெட்டின் தேடல் பெட்டியில் "மா" என்று தொடங்கியதுமே, "மார்பில் கட்டி வலிக்குமா" என்று அது முடித்துக் காட்டியது.

"அம்மா, இது யாருக்கு?" என்றாள்.

நள்ளிரவில் என் கைப்பேசியில், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் நான் தேடிய சொற்கள் அவை. (நல்லவேளையாக, சாதாரணக் கட்டிதான்.)

என்றைக்கோ அந்த டேப்லெட்டில் என் கணக்கைத் திறந்து, ஒத்திசைவுக்குச் 'சரி' என்று அழுத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து என் தேடல்களும் கடவுச்சொற்களும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்திருக்கின்றன.

தன் அச்சத்தை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டாமா?

கணக்கை நீக்கிவிட்டேன். உலாவி நிறுவனங்களின் சர்வரில் இருப்பவை? ஃபயர்பாக்ஸ் அவற்றை நம் சாதனத்திலேயே பூட்டி அனுப்புகிறது, சாவி அந்த நிறுவனத்திடம் இல்லை. குரோமில், ஒத்திசைத்த தரவுகளைக் கூகுளும் படிக்க முடியாதபடி பூட்ட, தனிக் கடவுத்தொடரை நாமே அமைக்க வேண்டும்.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாலையில் பள்ளிவிட்டு வந்ததும், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.