ஜாப் கார்டில் ஏறாத புகார்

எங்கள் காரை 2022 மார்ச்சில் வாங்கினோம். 3 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. 2024 செப்டம்பரில், 26,000 கிலோமீட்டரைக் கடந்திருந்த நேரத்தில், பொள்ளாச்சியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் வேகத்தடையில் மெதுவாக ஏறி வலப்புறம் திருப்பும்போதெல்லாம் ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கிருந்தோ 'டொக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சத்தத்தோடு, பிடித்திருக்கும் கையில் யாரோ விரலால் சுண்டுவதுபோல ஓர் அதிர்வும் இருந்தது. நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

கோவையிலிருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் வளாகத்துக்குள்ளேயே சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு இது நார்மல்தான் சார்" என்றார். நான் சொன்ன புகாரை ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது புகார்களையும் வேலைகளையும் எழுதும் படிவத்தில், 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும் பதிந்திருந்தார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அடுத்த 5 மாதங்களில் நான் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி அந்தக் கையெழுத்தில் தொடங்கியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பரில் மறுபடி போனபோது வீல் அலைன்மெண்டும் பேலன்சிங்கும் செய்து அதற்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். அலைன்மெண்ட் வாரண்டிக்குள் வராது என்பது எனக்குத் தெரியும், அதில் வருத்தமில்லை. ஆனால் கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோதான் அலைன்மெண்ட் அதற்கு மருந்தாகும். வேகத்தடையில் கேட்கும் தட்டும் சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்படிப்பட்ட சத்தம் டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட், ஸ்டீயரிங்கையும் சக்கரங்களைத் திருப்பும் ராக்கையும் இணைக்கும் ஷாஃப்டின் மூட்டுகள் என்று பல இடங்களிலிருந்து வரக்கூடும். எனவே காரணம் உடனே பிடிபடாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். சத்தம் வரும் சாலைக்கு வந்து கேட்காமலேயே இயல்பு என்று தீர்ப்புச் சொன்னதுதான் தவறு.

2025 பொங்கல் விடுமுறையில் அம்மாவும் மனைவியும் உடனிருக்க வால்பாறைக்குப் போய்த் திரும்பினோம். ஆழியாறு வரையிலான அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதிக்கும் மேல் இறங்கிவிட்ட நிலையில், ஒரு வளைவில் நுழையும்போது ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்தக் கணமே ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. இரண்டு கைகளாலும் இழுத்துத் திருப்பி, வளைவைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து மறுபடி போட்டதும் விளக்கு மறைந்து, ஸ்டீயரிங் பழையபடி இலகுவாகிவிட்டது. எதிரே ஒரு பேருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு இன்றும் என்னை விடவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். எங்கள் காரில் இருப்பது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். நாம் திருப்பும்போது ஸ்டீயரிங் தண்டின் நடுவிலுள்ள ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகும். எவ்வளவு முறுகுகிறது என்பதை டார்க் சென்சார் அளந்து கணினிக்குச் சொல்ல, அது மோட்டாரை அதற்கேற்ப இயக்கி நம் கைக்குத் துணைசெய்கிறது. சென்சார் அனுப்பும் அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், தவறான திசையில் உதவிவிடக் கூடாதென்று கணினி மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுகிறது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அப்போதும் அறுவதில்லை. ஆகவே பலமாகத் திருப்பினால் வண்டி திரும்பும். இதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் அந்த நொடியில் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டது என்று நினைத்துக் கையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பேட்டரியில் மின்னழுத்தம் குறைந்தாலும் இதே விளக்கு எரியலாம் என்பதால், முதலில் பேட்டரியைச் சோதித்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மறுநாளே சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தார்கள். பிழைக் குறியீடு ஒன்று பதிவாகியிருந்தது. அதை அழித்துவிட்டு, "இனி வராது சார், வந்தால் கொண்டுவாங்க" என்றார்கள். என்ன குறியீடு என்று கேட்டதற்கு அச்செடுத்துத் தர முடியாதென்றார்கள். நல்லவேளையாக, திரை அணைவதற்குள் அதைக் கைபேசியில் படமெடுத்திருந்தேன். வாரண்டி முடிய 2 மாதங்களே இருந்தன. விட்டு விட்டு வரும் கோளாறைப் பொறுத்தவரை காலம் போவது முழுக்க முழுக்க வாடிக்கையாளருக்குத்தான் நட்டம். அடுத்த முறை அந்த விளக்கு ஏப்ரலில் எரிந்திருந்தால் அதன் செலவு என்னுடையது.

அன்றிரவு உட்கார்ந்து, செப்டம்பரிலிருந்து நடந்தவற்றைத் தேதி, கிலோமீட்டர், ஜாப் கார்டு எண் ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் எழுதி, சத்தம் பதிவான காணொலியையும் குறியீட்டின் படத்தையும் இணைத்து, உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் டீலருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. கேட்டவை இரண்டுதான்: ஓட்டத்தின் நடுவே ஸ்டீயரிங் உதவி நின்றுபோனது என்பதை என் வார்த்தைகளிலேயே ஜாப் கார்டில் பதிய வேண்டும், ஒரு மூத்த டெக்னீஷியன் என்னுடன் சத்தம் வரும் சாலைக்கே வர வேண்டும்.

4 நாட்களில் அழைப்பு வந்தது. வந்தவர் ஐம்பதை நெருங்கும் ஓர் அண்ணன். தாமே ஓட்டாமல் என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் குனிந்து ஸ்டீயரிங் தண்டின் உறைமேல் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது வேகத்தடையில், "கையிலேயே தெரியுது சார், இது அடியில் இல்லை, ஸ்டீயரிங் தண்டில்தான் இருக்கு" என்றார். மோட்டாரின் சுழற்சியைத் தண்டுக்குக் கடத்தும் பல்சக்கரத்தில் ஆட்டம் விழுந்திருந்தது. குறியீடு டார்க் சென்சாரைச் சுட்டியது. எங்கள் காரில் இவையெல்லாம் தண்டோடு சேர்ந்த ஒரே தொகுப்பு என்பதால் முழுவதையும் மாற்றப் பரிந்துரைத்தார். செப்டம்பரிலேயே அவர் என் அருகில் உட்கார்ந்திருந்தால் வால்பாறைச் சாலையில் அது நடந்தே இருக்காது.

பாகம் வந்துசேர 19 நாட்கள் ஆயின. வாரண்டி இல்லையென்றால் எவ்வளவு என்று கேட்டேன்; கூலியோடு அரை லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். பொருத்திய பிறகு சென்சாரின் நடுநிலையைக் கணினியில் புதிதாகப் பதிய வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்டு, ஜாப் கார்டிலும் எழுதி வாங்கினேன். ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டியிருப்பதால் ஹாரனும் ஏர்பேக் விளக்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவியை வாங்கினேன்.

இது கைகூடாமல் போயிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்று முடிவுசெய்து அதற்கான விவரங்களையும் திரட்டியிருந்தேன். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கைத் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியலாம். ஆனால் 'புதிய கார் கொடுங்கள்' என்று கேட்பதற்கு முன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே வாரண்டி சொல்லும்போது காரையே மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் கூறியிருக்கிறது. வழக்கு எதுவானாலும் சான்றாக நிற்பவை ஜாப் கார்டுகளே. என் முதல் இரண்டு ஜாப் கார்டுகளிலும் ஸ்டீயரிங் என்ற சொல்லே இல்லை.

உங்கள் காரில் இப்படிச் சத்தம் வந்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸி எண்ணைக் கொடுத்து ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது, ஏதும் உண்டா என்றும் பாருங்கள். 2023 ஜூலையில் மாருதி சுசுகி, ஸ்டீயரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்று எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளில் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. எங்களுடையது வேறு நிறுவனத்தின் கார். எங்கள் மாடலுக்கு அப்படி எதுவும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி கிடையாது, காரின் வாரண்டியில் மிச்சமிருக்கும் நாட்கள் மட்டுமே என்று கையேட்டில் இருந்தது. அதன்படி எங்கள் புதிய ஸ்டீயரிங் தொகுப்புக்குக் கிடைத்தது 4 வாரங்கள். அதனால் மார்ச் முதல் வாரத்திலேயே நீட்டிப்பு வாரண்டி வாங்கினேன். பணம் கட்டுவதற்கு முன், அதில் அடங்கும் பாகங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் என்ற வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்திட்டேன்.